மகரக்கட்டு

உயர்நிலை ஒன்றில் எங்களை வரிசையில் நிறுத்தி
உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார் திரு. கோய்.
மெல்லியவை டிரம்பெட்டுக்கு.
என் முன்னால் கொஞ்சம் நின்றார்.
"யுபோனியம்" என்றார்,
டாக்டர் மாத்திரை எழுதும் குரலில்.

பள்ளிச் சொத்து. எண் பதினான்கு.
அடிவயிற்றில் ஒரு பள்ளம்,
எந்த ஆண்டு யார் போட்டதென்று பதிவேட்டில் இல்லை.
தேர்வு மாதத்தில் மட்டும்
கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கிவரலாம்.
அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள்:
பேருந்தில் தனி இருக்கை,
வந்ததும் வழிவிட்டு உட்காரவைக்க வேண்டும்,
எச்சில் துடைக்க ஆள் வேண்டும்.
தோ பாயோவில், ஒன்பதாம் மாடியில்,
இரவானால் அதன் வாயில் குளியல் துண்டைத் திணித்து ஊதுவேன்.
அப்படியும் மேல்வீட்டுக்காரர்
தரையை இரண்டு தட்டுத் தட்டுவார்,
சில நாள் தாளம் தவறாமல்.

இன்று ஐந்தாம் நிலைத் தேர்வு.
நூலகத்தை ஒட்டிய கூட்ட அறை.
குளிரூட்டி பதினெட்டில்.
வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்து பேர்
வெள்ளைச் சீருடையில்
பல் பிடுங்க வந்தவர்கள்போல.
வெய் ஜியே தொடைமேல் கிளாரினெட் வாசிக்கிறான்.
இர்ஃபான் ஊதுவாயை மட்டும் கழற்றி
வண்டுபோல் ரீங்கரித்து, திட்டு வாங்குகிறான்.
என் தொண்டையில் மூன்று வாரமாக
யாரோ வீட்டுச் சாமான்களை
இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.
மகரக்கட்டு என்றார் தமிழாசிரியை.
வகுப்பே சிரித்தது.
கட்டியதா அவிழ்ந்ததா என்று கேட்டேன்,
கேட்கும்போதே கீச்சிட்டது.

உள்ளே
சுர வரிசைகள் சரி.
பி பிளாட் மைனரில் ஒருமுறை தடுக்கி எழுந்தேன்.
மிஸ் தெங்கின் பியானோ என் அவசரத்துக்கு
மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது.
மூன்று உருப்படியும் முடிந்து,
குழாய்த் தண்ணீரைச் சொட்டவிட்டு
கிளம்பலாம் என்று பார்த்தால்
தேர்வாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.
"இனி நான் வாசிப்பதைத் திருப்பிப் பாடு."

பாடு.
ஆயிரத்து இருநூறு பையன்கள் படிக்கும் பள்ளியில்
காலையில் தேசிய கீதத்தோடு சரி,
யாரும் யாருக்கு முன்னாலும் பாடுவதில்லை.
அதிலும் பாதி வாயசைப்பு.

பியானோ மேலேறியது.
நானும் ஏறினேன்.
மூன்றாம் படி இருந்த இடத்தில்
படி இல்லை.
கீச்சென்று ஒன்று, கொர்ரென்று ஒன்று,
நடுவில் வெறும் காற்று.
அதே நொடி வெளியே திடலில்
மாணவர் படைக்கு யாரோ கட்டளையிட்டான்:
"செனாங் டிரி!"
அவனுக்கும் அங்கேதான் உடைந்தது.

தேர்வாளர் சிரிக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உனக்கு எட்டும் இடத்தில் பாடு."

எட்டும் இடத்தைத் தேடிக் கீழே இறங்கினேன்.
இறங்க இறங்க இருந்தது.
இருட்டில் கால் துழாவும் மாடிப்படிபோல
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று.
கடைசிச் சுரத்தில் நின்றபோது
மடியில் கிடந்த எண் பதினான்கு
நான் ஊதாமலே
லேசாக அதிர்ந்தது.

அவர் ஏதோ எழுதினார்.
நீளமாகவா குறைவாகவா, தலைகீழாகத் தெரியவில்லை.
மதிப்பெண் வர ஆறு வாரம்.

பேருந்து நிறுத்தத்தில் என் போன் செத்திருந்தது.
இர்ஃபானுடையதை வாங்கி அம்மாவை அழைத்தேன்.
அப்பா துறைமுகத்திலிருந்து
யார் யார் போனிலோ கூப்பிடுவது வழக்கம்.
"முடிஞ்சுது" என்றேன்.

"முடிஞ்சுதா? அப்ப நேரா வந்துருங்க.
வரும்போது தயிர் ஒரு டப்பா வாங்கிக்குங்க.
பையனுக்கு இன்னிக்குப் பரீட்சை,
பசியோட வருவான்."

திருத்த வாயெடுத்தேன்.
"சரி" என்றுதான் வந்தது,
கீழிருந்து, உடையாமல்.

ஒரு கையில் மாப்பிள்ளை,
ஒரு கையில் தயிர்.
மின்தூக்கியில் பொத்தானை
முழங்கையால் அழுத்தினேன்.